இன்னோர் அயல்நாட்டில் ஒரு வாரம்

மார்ச் 29, 2025, சனி: ஷார்ஜா, திபிலிசி

ஷார்ஜாவுக்கு வேலைக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. இந்த 19 ஆண்டுகளில் கிடைத்த எந்த விடுமுறையையும் கும்பகோணத்தைத் தவிர வேறெங்கும் நான் கழித்ததில்லை. விடுமுறை என்றால் ஊர்தான். ஊருக்குப் போனால் மறுநாளே வங்கி, தாலுகா அலுவலகம், மோட்டார் பழுது, இரண்டு கல்யாணம், ஒரு துக்கம் விசாரிப்பு என்று நாட்கள் கரைந்து, கடைசி இரவில் பெட்டியை எடைபோட்டுக் கட்டும்போதுதான் மனைவியோடு நிதானமாக நான்கு வார்த்தை பேசவில்லையே என்பது நினைவுக்கு வரும்.

இந்த ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறையோடு மூன்று நாட்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்றபோது, மனைவி தயங்கித் தயங்கி வேண்டாம் என்று சொன்னாள். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 28இல் தொடங்கி ஏப்ரல் 15 வரை நடக்கிறது. “நீங்க வந்தா வீடு திருவிழா மாதிரி ஆயிடுங்க. அவ புத்தகத்தையே தொடமாட்டா. பரீட்சை முடிஞ்சு மே மாசம் வாங்க” என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் என் வீட்டுக்கு நான் வராமல் இருப்பதே உதவி என்று கேட்க நேர்ந்தது அன்று இரவு முழுவதும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அறையிலேயே ஏழு நாள் படுத்துக் கிடக்க மனம் வரவில்லை. எமிரேட்சில் வசிப்புரிமை உள்ளவர்களுக்கு ஜார்ஜியா செல்ல விசா தேவையில்லை, மூன்றரை மணி நேரப் பயணந்தான், பெருநாள் நேரத்தில் திருச்சிக்கு ஆகும் கட்டணத்தைவிடக் குறைவு என்று அலுவலக நண்பர் சொன்னார். எனக்காக மட்டும் இவ்வளவு பணம் செலவழிக்கலாமா என்று மூன்று நாள் யோசித்த பிறகே சீட்டு எடுத்தேன்.

தலைநகரான திபிலிசியில் இறங்கியபோது கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஜார்ஜியாவுக்கும் எமிரேட்சுக்கும் ஒரே நேரந்தான். குடியேற்றப் பிரிவில் இருந்த இளம்பெண் என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு “வேலையா, சுற்றுலாவா?” என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் எந்த விமான நிலையத்திலும் என் தாள்களே எனக்காகப் பதில் சொல்லிவிடும். வாய் திறந்து நான் எதையும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. “சுற்றுலா” என்று சொல்வதற்குள் எனக்குக் குரல் சற்றுத் தடுமாறியது. அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

வெளியே தூறல். ஷார்ஜாவில் மின்விசிறியில்லாமல் உட்கார முடியாத நாளில், இங்கே மூச்சு புகையாக வெளிவந்தது. அவ்லபாரிப் பகுதியில் எடுத்திருந்த அறைக்குக் கீழேயே ஒரு ரொட்டிக்கடை இருந்தது. தரைக்குமேல் இடுப்பளவு எழும்பிய கிணறு போன்ற மண் அடுப்பு. அதைத் ‘தோனே’ என்கிறார்கள். ரொட்டி போடுபவர் நீண்ட மாவுத்துண்டைப் பலகையில் ஏந்தி, கால்கள் தரையைவிட்டு எழும்பும் அளவுக்குத் தலைகுப்புற உள்ளே சாய்ந்து, சூடான சுவரில் அறைந்து ஒட்டிவிட்டு, நீந்துபவர்போல் நிமிர்ந்தார். ஒரு ரொட்டி 2 லரி. ஒரு லரி ஏறத்தாழ 31 ரூபாய். கடைப்பெண் அதைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார். ஓடம்போல் இரு முனையும் கூர்ந்த அந்த ‘ஷோத்தி’ ரொட்டியின் முனையைப் பிய்த்துத் தின்றபடியே படியேறினேன். அறைக்குள் போவதற்குள் பாதி தீர்ந்திருந்தது. பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள் என்று இரவில் அறைத் தோழர் செய்தி அனுப்பினார்.

மார்ச் 30, ஞாயிறு: திபிலிசி

என் அறைத் தோழர் காயல்பட்டினத்துக்காரர். ஆறு ஆண்டுகளாகப் பெருநாளன்று தொழுகை முடிந்து வந்ததும் எனக்காகத் தனியே ஒரு சட்டியில் இறைச்சி சேராத நெய்ச்சோறு ஆக்கிவைப்பார். காலையில் வாழ்த்துச் சொல்ல அழைத்தபோது, “உங்க சட்டியை இன்னைக்குக் கழுவிக் கவுத்து வச்சிட்டேன்” என்றார். நான் இல்லாததை ஒருவர் அங்கே உணர்கிறார் என்பது, சொல்லப்போனால், எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பழைய நகரத்தில் கந்தக வெந்நீர்க் குளியலறைகள் இருக்கும் பகுதிக்கு நடந்தேன். ‘த்பிலி’ என்றால் அவர்கள் மொழியில் வெதுவெதுப்பு. அந்த ஊற்றுகளால்தான் நகருக்கே அந்தப் பெயர். தரையிலிருந்து செங்கல் குமிழ்களாக எழுந்த கூரைகளின் மேல் ஆவி படர்ந்திருக்க, பொங்கலுக்கு முந்தைய விடியலில் வெந்நீர் அடுப்பைச் சுற்றி நிற்பதுபோல் மனம் இளகியது. அங்கிருந்து சற்று மேலே செங்கல்லால் கட்டிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. ஸன்னி, ஷியா இரு பிரிவினரும் ஒரே கூரையின் கீழ் தொழும் பள்ளிவாசல் அது. வாசலில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் நின்றன. மலையாளமும் உருதும் நடுவே தமிழும் காதில் விழுந்தன. நெருங்கிப் பேசியிருக்கலாம். பேசினால் எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம், எப்போது ஊர் என்ற மூன்று கேள்விகளில் போய் நிற்கும் என்று எண்ணி ஒதுங்கி நடந்தேன். அது சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

சைவம் சாப்பிடுகிறவன் இங்கே என்ன செய்வான் என்ற கவலை முதல் கடையிலேயே நீங்கியது. இவர்களுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 20 அன்று. அதற்கு முந்தைய பெருநோன்புக் காலத்தில் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடாதவர்கள் ஏராளம். ‘சமர்க்வோ’ என்ற சொல்லைக் காட்டினால் போதும், நோன்பு உணவுப் பட்டியல் தனியே வருகிறது. வால்நட் அரைத்துப் பூசிய கத்தரிக்காய்ச் சுருளும், மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க ‘லோபியோ’ என்ற சிவப்பு அவரைக் குழம்பும், சோள ரொட்டியும் சேர்த்து 27 லரி ஆயின. லரியைத் திர்ஹமாக்கி, திர்ஹமை ரூபாயாக்கி, அந்த ரூபாய்க்கு ஊரில் என்ன வாங்கலாம் என்று பார்க்கும் கணக்கு என் அனுமதியில்லாமலேயே தலைக்குள் ஓடியது. வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள் அனைவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அது ருசியைத் தின்றுவிடும். மூன்றாவது வாயில்தான் நிறுத்த முடிந்தது.

மாலையில் மழை. தெருநாய் ஒன்று, தடுப்பூசி போட்டதற்கு அடையாளமாகக் காதில் பிளாஸ்டிக் வில்லையோடு, அறை வாசல்வரை என் கூடவே நனைந்து வந்தது.

மார்ச் 31, திங்கள்: ஸ்டெபான்ட்ஸ்மிண்டா

காலையில் மெட்ரோ ஏறி திதுபே நிலையத்துக்குப் போனேன். 1966இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ. எவ்வளவு தொலைவு போனாலும் 1 லரிதான். திதுபேயிலிருந்து வடக்கே மலைக்குப் போகும் சிறு வேன்களை ‘மர்ஷ்ருத்கா’ என்கிறார்கள். 20 லரி. ஆள் நிறைந்த பிறகே கிளம்பும் என்பதில் நம் ஊர் ஷேர் ஆட்டோவுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர், வண்டி ஒவ்வொரு தேவாலயத்தைக் கடக்கும்போதும் மூன்று முறை சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். குன்றின் மேல் நெடுந்தொலைவில் புள்ளியாகத் தெரிந்த ஒன்றுக்கும் அவர் கை உயர்ந்ததைப் பார்த்து, கோபுரம் கண்ணில் பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் என் தாயார் நினைவுக்கு வந்தார்.

அனானூரிக் கோட்டை, அதன் காலடியில் பச்சை நீர்த்தேக்கம், பிறகு பனி. குதௌரி தாண்டியதும் காவலர்கள் வண்டியை நிறுத்தினர். மேலே சாலையில் விழுந்த பனியை அகற்றும்வரை யாரும் போகக்கூடாது என்றனர். எங்களுக்கு முன்னால் ரஷ்ய எல்லைக்குப் போகும் சரக்கு லாரிகள் கண்ணுக்கு எட்டிய தொலைவுக்கு வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, சிறு அடுப்பு மூட்டி, தேநீர் போட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு இது புதிதல்ல என்பது அந்த நிதானத்திலேயே தெரிந்தது. இந்தக் கணவாயைத் தவிர்க்க 9 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை ஒன்று மலைக்குள் கட்டப்படுகிறது. வழியில் சீன எழுத்துப் பலகைகளோடு தகரக் கொட்டகைகள் நின்றதைக் கண்டேன். ஒரே அளவு சன்னல்கள், கொடியில் ஒரே நிறச் சட்டைகள். அந்தக் கொட்டகைகளை நான் நன்கு அறிவேன். முதல் நான்கு ஆண்டுகள் அப்படி ஒன்றில்தான் இருந்தேன்.

மூன்று மணி நேரம் நின்றோம். கால் மரத்துப்போகவே இறங்கி நடந்தபோது, ஷார்ஜாவின் வெயிலில் பசை காய்ந்திருந்த என் வலது காலணியின் அடிப்பாகம் சேறும் பனியுமாக இருந்த சாலையில் வாய் பிளந்துகொண்டது. பெரியவர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, குனிந்து, என் காலுறைக்கு மேல் தாமே சுற்றி முடிச்சிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர் என் காலைத் தொடுவதா என்று நான் பதறியதை, வலிக்கிறது என்று எடுத்துக்கொண்டு முடிச்சைத் தளர்த்திவிட்டார். பிறகு தம்மிடமிருந்த ரொட்டியில் பாதியைக் கொடுத்தார்.

ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து, நாலரை மணிக்கு ஸ்டெபான்ட்ஸ்மிண்டா என்ற மலையூர் சேர்ந்தேன். விருந்தினர் வீட்டை நடத்துபவர் அறுபதைக் கடந்த அம்மையார். அவரோடு பதினொரு வயதுப் பேத்தி மட்டுமே இருக்கிறாள். பேத்தி அவரைப் ‘பெபியா’ என்றழைத்தாள். பாட்டி என்று பொருள். நானும் அப்படியே அழைத்தேன். பள்ளியில் கற்ற ஆங்கிலத்தால் எங்கள் இருவருக்கும் இடையில் பேத்தியே துபாஷியாக நின்றாள்.

பெபியா என் காலைப் பார்த்ததும் ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய், கம்பளிக் காலுறையும் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்சும் கொண்டுவந்து வைத்தார். “மாமாவுடையது” என்றாள் பேத்தி. இவளுக்கு ஒரு மாமா இருக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். விறகு அடுப்பின் அருகே உட்காரவைத்து லோபியோ பரிமாறினார்கள். திபிலிசியில் உண்டதைவிட இதில் ஒரு வாசனை தூக்கலாக இருந்தது. எங்கள் வீட்டு மோர்க்குழம்பில் வெந்தயம் பொரியும்போது எழும் வாசனை. என்ன இது என்று கேட்டேன். ஒரு சீசாவைத் திறந்து காட்டினார்கள். வெந்தயத்தின் உறவான ஒரு செடியின் விதைப்பொடி. பெயர் ‘உத்ஸ்கோ சுனெலி’. “சுனெலி என்றால் மசாலா. உத்ஸ்கோ என்றால் வெளிநாட்டுக்காரர். உங்களைப்போல” என்றாள் சிறுமி. அடுப்படிக்கு அடுப்படி இருக்கிறதே, அதை இன்னுமா அயலான் என்றழைக்கிறீர்கள் என்றேன். அவள் மொழிபெயர்க்க, பெபியா சிறிது யோசித்துவிட்டு, “பெயர் அது. ஆனால் அது இல்லாமல் சமைக்க முடியாது” என்றார்.

ஐந்து மணிக்கு மேசையிலிருந்த கைப்பேசி ஒலித்தது. பெபியா திடுக்கிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கமாக ஆறு மணிக்கு வரும் அழைப்பு. நேற்று ஐரோப்பாவில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்திருக்கிறார்கள். ஜார்ஜியாவில் அந்த வழக்கம் இல்லை. சிறுமியின் தாய் இத்தாலியின் பாரி நகரில் ஒரு மூதாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். பிற்பகலில் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் அழைக்கிறார். கைப்பேசியை உப்புச் சாடியின் மேல் சாய்த்து நிறுத்தினார்கள். திரையில் களைத்த, சிரித்த முகம். பின்னால் வெள்ளை ஓடு பதித்த சுவரும் கொக்கியில் ஒரு துண்டும். நான் எழுந்து வெளியே போக முயன்றேன். பெபியா என் தோளில் கைவைத்து உட்காரவைத்தார்.

சிறுமி பள்ளிக் குறிப்பேட்டைக் காட்டினாள். விழப்போகும் பல்லைக் காட்டினாள். பிறகு தாய் ஏதோ கேட்க, அவள் கைப்பேசியோடு சன்னலுக்கு ஓடி, அதை வெளியே திருப்பிப் பிடித்தாள். மேகத்தைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

“என்ன கேட்டார்கள்?” என்றேன் பின்னர்.

“மலையைக் காட்டச் சொல்வார்கள். தினமும். தெரியாவிட்டால், தூங்குகிறது என்று சொல்வேன்.”

ஏப்ரல் 1, செவ்வாய்: ஸ்டெபான்ட்ஸ்மிண்டா

ஊர் ஏறத்தாழ 1,740 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிர் மலையில் 2,170 மீட்டரில் கெர்கெட்டி தேவாலயம். வேன்கள் மேலேவரை போகின்றன என்றாலும் நடந்தே ஏறினேன். அந்த பூட்ஸ் எனக்கு இரண்டு அளவு பெரிது. ஒவ்வோர் அடியிலும் குதிகால் தனியே எழுந்து தனியே அமர்ந்தது. ஆனாலும் ஒரு சொட்டு ஈரம் உள்ளே வரவில்லை.

14ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம். உள்ளே மெழுகுத்திரிகளின் வெளிச்சம் மட்டும். சோவியத் ஆட்சியில் பல ஆண்டுகள் இங்கே வழிபாடு நடக்கவிடாமல் வைத்திருந்தார்கள். இப்போது ஒரு துறவி கதவருகில் நின்று, படம் எடுக்க வேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். கைப்பேசியைப் பையில் போட்டதும் கைகள் வெறுமையாயின. எந்தப் படத்தை யாருக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் இல்லாமல் ஓரிடத்தில் நின்று நெடுநாள் ஆயிற்று. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. எழுத வேறொன்றும் அங்கே நடக்கவில்லை. ஆனால் இந்தப் பயணத்தில் நான் முழுதும் ஓய்ந்திருந்த இடம் அதுதான்.

பிற்பகலில் பேத்தி குடும்பப் படங்களைக் காட்டினாள். திரையில் தாடி வைத்த இளைஞர் ஒருவர் பனியில் நின்றிருந்தார். காலில் நான் அணிந்திருந்த அதே பூட்ஸ். “மாமா” என்றாள். உன் தாயின் சகோதரரா என்றேன். இல்லையென்று தலையசைத்து, “மாமா என்றால் அப்பா. தேதா என்றால் அம்மா” என்றாள். தமிழில் மாமா என்றால் யார் என்று நான் விளக்க, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, அடுப்படிக்கு ஓடிப் பாட்டியிடம் சொன்னாள். அங்கிருந்தும் சிரிப்பொலி வந்தது. அவளுடைய தந்தை போலந்தில் கட்டட வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளாக வரவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு நான் குனிந்து பூட்சைப் பார்த்தேன். உள்விளிம்பில் நீல மையால் அவர் பெயரின் முதலெழுத்து எழுதியிருந்தது. தொழிலாளர் விடுதியில் காலணி மாறிவிடாமல் இருக்க நாங்களும் அப்படித்தான் எழுதிவைப்போம்.

19 ஆண்டுகளாக நான் புறப்பட்டுப் போகிறவன். கைகாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே செல்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். அப்படிப் போனவர்களின் காலுறைகளும் பூட்சும் எண்ணெய் தடவப்பட்டு, அடுக்கில் வைக்கப்பட்டு, வீட்டில் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது இதுவே முதல் முறை. கும்பகோணத்தில் என் மழைக்கோட்டு எந்த ஆணியில் தொங்குகிறது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

ஐந்து மணிக்கு மறுபடி அழைப்பு. மறுபடி சன்னல். “தூங்குகிறது” என்றாள் சிறுமி. பெருநோன்பு என்பதால் தாம் தொடாத பாலாடைக்கட்டி ரொட்டியைப் பெபியா எனக்காகச் சுட்டார். அவர்கள் எதிரில் நான் மட்டும் அதை உண்ணக் கூசினேன். அவர் தட்டை என் பக்கம் இன்னும் அருகே தள்ளி, உருகி வழிந்த ஓரத்தைச் சுட்டிக்காட்டினார். ஆறினால் நன்றாக இராது என்பதைச் சொல்ல மொழி தேவைப்படவில்லை.

ஏப்ரல் 2, புதன்: ஸ்டெபான்ட்ஸ்மிண்டா, திபிலிசி

ஆறரை மணிக்குக் கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள். தீயோ என்று பயந்து திறந்தால், இரவு உடையின் மேல் கம்பளி போர்த்திய சிறுமி. “எழுந்துவிட்டது!” என்று கத்திவிட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

ஒரு மேகமும் இல்லை. தேவாலயம் நின்ற குன்றுக்குப் பின்னால், அங்கே அப்படியொன்று இருக்கும் என்று இரண்டு நாளாக எண்ணியே பார்க்க முடியாத அளவில், 5,000 மீட்டருக்கும் மேலான கஸ்பெக் சிகரம் முழுதாக நின்றது. அடிவாரம் இன்னும் நீல இருளில் இருந்தது. உச்சியில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ரோஜா நிறம். அந்த நிறம் கண்ணெதிரே கீழிறங்கி வந்தது.

சிறுமி படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவை அழைக்கட்டுமா என்று கேட்டாள். பாரியில் நாலரை மணி, தூங்குவாள், அழைக்காதே, அனுப்பிவை என்றார் பாட்டி. அனுப்பினாள். நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பார்த்துவிட்டதற்கான குறிகள் நீலமாயின; மறுகணமே ஒரு குரல் செய்தி வந்தது. சிறுமி குதித்தாள். பெபியா வேலிக் கட்டையைப் பிடித்தபடி அந்த நீலக் குறிகளையே பார்த்திருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சிறுமி அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. முதியவர்களைக் கவனிக்கிறவர்களுக்கு இரவு ஏது?

இன்று என் மகளுக்கு ஆங்கிலத் தேர்வு. பத்து மணிக்குத் தொடக்கம், இங்கே எட்டரை. அவள் பள்ளிக்குக் கிளம்புமுன் வாழ்த்திவிட ஏழேகாலுக்கு அழைத்தேன். சீருடையோடு இட்லித் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். நானும் கைப்பேசியைத் திருப்பி மலையைக் காட்டினேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்பா, உங்க பின்னால அந்த பீரோ இல்லாம இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்றாள்.

எந்த பீரோ என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அறையில் என் கட்டிலை ஒட்டிய இரும்பு பீரோ. அதன்மேல் ஒரு சூட்கேஸ், பக்கத்தில் மாதக் காலண்டர். ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் அதே மூலையில், அதே தலையணையில் சாய்ந்துகொண்டு பேசுகிறேன். அவள் முதல் வகுப்பு போனதிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் இன்று வரை தந்தை வாழும் நாடு என்று அவள் கண்டது ஒரு பீரோவை. அறையில் இன்னும் மூவர் இருப்பதும், துணி காயப்போடும் கொடியும், எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த அடுப்பும் தெரிய வேண்டாம் என்றுதான் அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தேன். அவர்கள் வருந்தக்கூடாது என்பதற்காக மறைத்தேன். அதை அவர்கள் மீதுள்ள அன்பு என்றே இதுநாள்வரை நம்பியிருந்தேன்.

“நேரமாச்சு, போயிட்டு வரேம்ப்பா” என்று அவள் கிளம்பினாள்.

கிளம்பும் நேரத்தில் பெபியா என் காலணிகளை நீட்டினார். இரண்டு நாளாக அடுப்பருகில் உலர்ந்திருந்தன. பிளந்த அடிப்பாகத்தை மெழுகு தடவிய நூலால், நெருக்கமான தையலாகத் தைத்திருந்தார். பூட்சைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு 90 லரி, இரண்டு நாளைக்கு 180. நான் 200 வைத்துவிட்டு வேனில் ஏறிவிட்டேன். வண்டி நகரும்போது சிறுமி ஓடிவந்து சன்னல் வழியே 20 லரியை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 3, வியாழன்: திபிலிசி

நாள் முழுதும் மழை. நிலையத்தின் அருகிலுள்ள பழைய சந்தையில், வால்நட்டை நூலில் கோத்துத் திராட்சைக் கூழில் தோய்த்துக் காயவைத்த ‘சுர்ச்கேலா’ மூன்று வாங்கினேன். மெழுகுத்திரி போலிருக்கும், ஒன்று 6 லரி. உத்ஸ்கோ சுனெலி சிறு பொட்டலம் 3 லரி. பொடியைக் கட்டிக்கொடுத்த பெண்மணி எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். ஷார்ஜா என்று சொல்வதா, இந்தியா என்று சொல்வதா என்று ஒரு கணம் நின்று, கும்பகோணம் என்றேன். அப்படியோர் இடத்தை அவர் எப்போதோ கேள்விப்பட்டதுபோல் மரியாதையாகத் தலையசைத்தார். இரவு விமானம்.

ஏப்ரல் 4, வெள்ளி: ஷார்ஜா

விடியற்காலையில் ரோலாவில் டாக்சியை விட்டு இறங்கியதும் வெப்பமும் ஈரமும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. அறைத் தோழர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்பின் மேல் என் சட்டி கவிழ்த்து வைத்தபடி இருந்தது. மதியம் அதிலேயே வெள்ளை மொச்சையை வேகவைத்து, அந்தப் பொடியைத் தூவி இறக்கினேன். காயல்பட்டினத்துக்காரர் முகர்ந்து பார்த்து, வெந்தயமா என்றார். அதன் உறவு என்றேன்.

மாலையில் வீட்டுக்கு அழைத்தேன். ஆங்கிலத் தேர்வு எளிதாக இருந்ததாம். அடுத்தது கணக்கு, ஏழாம் தேதி. பேச்சு அடங்கியதும், ஒன்று காட்டுகிறேன் என்று சொல்லி, கட்டிலை விட்டு எழுந்து கைப்பேசியைத் திருப்பினேன். நான்கு கட்டில்கள், கொடி, அடுப்பு, அதன் பின்னால் கறுத்த சுவர். தாயும் மகளும் ஒரே திரைக்குள் முகத்தை நுழைத்துப் பார்த்தார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பு வந்தபோது மட்டும், “இதுலயா இத்தனை வருஷமா சமைக்கிறீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். தாழ்வாரத்துக்கு வந்து, கீழே தெருவையும், தேநீர்க் கடை வாசலில் கண்ணாடித் தம்ளரோடு நின்ற கூட்டத்தையும், எதிர்க் கட்டடத்தையும் காட்டினேன்.

“அப்பா, நிறுத்துங்க. அந்த நீலக் கதவு யார் வீடு? வாசல்ல துளசி மாதிரி ஏதோ வச்சிருக்காங்களே.”

நானும் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பழைய பெயின்ட் வாளியில் ஏதோ ஒரு செடி, தழைத்து, கைப்பிடிக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கதவுக்கு எதிரில் இருக்கிறேன்.

“தெரியலம்மா. நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றேன்.